குசுமாவதியின் நோன்பு

"ஒரு வாய் கஞ்சியாவது குடிம்மா. தண்ணிகூட வேணாம்னா என்ன அர்த்தம்?"

சாந்திகுமார் டம்ளரை நீட்டினான். கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த அவன் அம்மா குசுமாவதி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்கு அறுபத்தெட்டு வயது. நெஞ்சு தாறுமாறாகத் துடித்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் விட்டு, கோளாறு பண்ணுகிற இடத்தைச் சுட்டுவிட்டால் துடிப்பு சீராகலாம் என்று சென்னை டாக்டர் சொன்னார். சாந்திகுமார்தான் முடியாது என்றான். இந்த வயதில் நெஞ்சைச் சுட்டுக்கொள்ள வேண்டுமா, இருக்கிற வரை இருக்கட்டும் என்று திருவண்ணாமலைக்குத் திரும்ப அழைத்துவந்துவிட்டான்.

"என் நெஞ்சுக்கு முடிவு பண்ண நீ யார்ரா?" என்று அன்றைக்குக் கேட்டவள், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இன்று காலை எதுவும் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

பெரியப்பா வந்தார், பார்த்தார், சாந்திகுமாரைத் தனியே இழுத்தார்.

"சல்லேகனைடா. உங்கம்மா முடிவு பண்ணிட்டா."

உண்ணாமலிருந்து உயிரை விடும் சமண நோன்பு. முனிவரிடம் அனுமதி வாங்காமல் எப்படி என்று அவன் கேட்டான். மனசுக்குள் எடுத்துவிட்டால் யார் தடுப்பது என்றார் அவர்.

கொஞ்ச நேரத்தில் தெருவே கூடிவிட்டது. பெண்கள் வரிசையாக வந்து குசுமாவதியின் காலைத் தொட்டு வணங்கினார்கள். மருமகள் த்ரிசலா கதவோரம் சும்மா நின்றாள். மாமியாரைச் சாப்பிடச் சொல்லி ஒரு வார்த்தை பேசுகிறாளா பார், கல்நெஞ்சுக்காரி என்று அவளைக் காட்டி முணுமுணுத்தார்கள்.

சாந்திகுமார் டம்ளரைக் கீழே வைத்தான். இருக்கிற வரை இருக்கட்டும் என்றவனுக்கு, இல்லாமல் போவது இத்தனை பக்கத்தில் வரும் என்று தெரிந்திருக்கவில்லை. அம்மாவின் காலில் விழுந்தான்.

"நான் பண்ணது தப்புதாம்மா. கம்பி விட்டுக்கலாம். நானே கூட்டிட்டுப் போறேன். இப்ப சாப்பிடு."

"சாப்பிட்டா இன்னிக்குக் கம்பி விடமாட்டாங்கடா. வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காரு டாக்டர்" என்றபடி எழுந்தாள் குசுமாவதி. "த்ரிசலா, நீ பேசி வெச்ச டாக்ஸி வந்துடுச்சா பாரு. கால்ல விழுந்தவங்கள கொஞ்சம் வழி விடச் சொல்லு."