தனிமையின் பல்

இருட்டிய பிறகு, தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்தியிருந்த கூண்டுக் கதவை யாரோ சுரண்டும் சத்தம் கேட்டது. பாடம் கேட்டுக்கொண்டிருந்த தன் குஞ்சுகளை வெள்ளைக்கோழி இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது.

வான்கோழி மிஸ் அசரவில்லை. "கதையில வர்ற நரி நரியே இல்ல, பேராசையோட குறியீடுன்னு இப்பதானே சொன்னேன்? இந்தச் சத்தம் எதோட குறியீடு, சொல்லுங்க பாப்போம்."

"தனிமையோட குறியீடு மிஸ்," என்றது மூத்த குஞ்சு.

"சபாஷ். போய்க் கதவைத் திற. பாவம், உள்ள வரட்டும்."

குஞ்சு துள்ளி எழுந்தது. வெள்ளைக்கோழி குறுக்கே போய் நின்றது.

"கொஞ்சம் குனிஞ்சு பாருங்க மிஸ். கதவிடுக்குல உங்க தனிமைக்குப் பல்லு தெரியுது."

வான்கோழி குனிந்து பார்த்தது. அதன் கழுத்தில் தொங்கிய சிவப்புச் சதை வெளுத்தது.

"மிஸ், தாழ்ப்பாள் எதோட குறியீடு?" என்றது கடைக்குட்டி.

வான்கோழி தாழ்ப்பாளை உள்பக்கமாக இழுத்துப் போட்டது.