பன்னிரண்டு கிலோ மணல்

முள் நூறைத் தொட்டதும் அவன் காலை எடுத்தான்.

ஐந்தாவது ஓட்டம். பேஸ் மாடல். டாப் மாடலைக் காலையிலேயே ஐந்து முறை ஓட்டியாயிற்று. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்குப் பாய வேண்டும், எத்தனை நொடி என்று பார்ப்பார்கள். பதின்மூன்று வருடமாக அதற்குத்தான் சம்பளம்.

கழுத்து வலித்தது. எங்கெங்கோ வலித்தது.

வண்டியைத் திருப்பிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். நேரம் குறிக்கும் மெஹ்ருன் கணினியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். இன்று காட்டவில்லை.

"பாயிண்ட் நாலு நாலுதாண்ணா வித்தியாசம்."

டாப் மாடல் 5.10. பேஸ் மாடல் 5.54.

அரை நொடி இருக்க வேண்டும். டாப் மாடலுக்கு ஆறு லட்சம் கூடுதலாகக் கேட்பதே அந்த அரை நொடிக்காகத்தான். 'அரை நொடி முன்னால்' என்று போஸ்டரே அடித்துவிட்டார்கள். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைப்பதில் இந்தக் கம்பெனியை மிஞ்ச ஆளில்லை.

எஞ்சின் பிரிவிலிருந்து வந்திருந்த நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒருவர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பிரித்தால் இரண்டு மாத வேலை.

அவன் தண்ணீர் குடித்தான். நிழலில் நிறுத்தியிருந்த டாப் மாடல் கண்ணில் பட்டது. கண்ணாடி வழியே அதன் பக்கத்து இருக்கை தெரிந்தது.

இருக்கையில் அவனுடைய கறுப்புப் பை. பெல்ட் போட்டபடி.

பேஸ் மாடலுக்கு மாற்ற மறந்துவிட்டான்.

பைக்குள் பன்னிரண்டு பொட்டலம் மணல். ஒவ்வொன்றும் ஒரு கிலோ.

ஓட்டுபவன் எழுபத்தைந்து கிலோ என்று வைத்துத்தான் இங்கே எல்லாச் சோதனையும். தினமும் தராசில் ஏறி, அவனே குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒன்றிரண்டு குறைந்தால் மணல் பொட்டலம் வைத்து ஈடுகட்டலாம். ஐந்துக்கு மேல் குறைந்தால் வண்டியில் ஏறக் கூடாது, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இரண்டு மாதமாக அவன் எழுபத்தைந்து என்றே எழுதிவருகிறான். தராசு அறுபத்து மூன்று என்கிறது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை.

டாக்டரிடம் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பெயர் சொல்லிவிடுவார். பெயர் இல்லாதவரை அது வெறும் களைப்புதான்.

டாப் மாடலில் பையை வைத்ததும் மணி அடிக்கும். யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்து, பெல்ட் போடு என்று கத்தும். மணலுக்குப் பெல்ட் போட்டுவிட்டுத்தான் புறப்படுவான். இந்த பேஸ் மாடலில் அந்த மணியை இன்னும் இணைக்கவில்லை. மணியே இல்லாத வண்டியில், மணி கேட்கவில்லையே என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை.

பன்னிரண்டு கிலோ குறைவாகச் சுமந்த வண்டி கொஞ்சம் முந்திக்கொண்டது. அதன் மீது ஒரு குற்றமும் இல்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். எஞ்சினைப் பிரிப்பார்கள், ஒன்றும் அகப்படாது, திரும்பப் பூட்டுவார்கள். இல்லாவிட்டால் மறு ஓட்டம் கேட்கலாம். ஆனால் காரணம் எழுதாமல் மறு ஓட்டம் கிடையாது.

காற்று என்று எழுதலாம். வெளியே கொடி அசையாமல் தொங்கியது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மறைத்து அவனுக்கு அலுத்துவிட்டது. திடீரென்று யோக்கியனாகிவிடவில்லை. இன்னொரு பொய்யைத் தூக்க உடம்பில் தெம்பில்லை.

படிவத்தை இழுத்து எழுதினான். 'ஓட்டுநர் எடை 63. மணல் மற்ற வண்டியில் இருந்துவிட்டது.'

மெஹ்ருன் படித்தாள். மறுபடி படித்தாள். நிமிர்ந்து அவனுடைய கழுத்தெலும்பைப் பார்த்தாள். தினமும் பார்த்த கழுத்துதான்.

விதிப்படி இனி அவனை வண்டியில் ஏற்றக் கூடாது. இரண்டு வண்டியையும் ஒரே ஆள்தான் ஓட்ட வேண்டும் என்பதும் விதிதான். அவள் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். ஒரு விரலை மட்டும் காட்டினாள்.

ஒரே ஒரு ஓட்டம்.

அவன் பையை இரண்டு கையாலும் தூக்கி வந்தான். வழியில் ஒருமுறை கீழே வைத்து மூச்சு வாங்கினான். இதைத்தானே முன்பெல்லாம் உடம்போடு சுமந்து திரிந்தோம் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. பேஸ் மாடலின் இருக்கையில் வைத்தான். மணி அடிக்கவில்லை. இருந்தாலும் பெல்ட் போட்டுவிட்டான்.

5.61.

வித்தியாசம் அரை நொடிக்கும் ஒரு இழை கூடுதல்.

எஞ்சின்காரர்கள் கைதட்டினார்கள். போனில் இருந்தவர், போஸ்டரை ஒட்டிவிடலாம் என்று கத்தினார். ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

மெஹ்ருன் கைதட்டவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"என் வண்டில ஏறுங்கண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். பயமாக இருந்தது. யாரோ கூப்பிட்டது ஆறுதலாகவும் இருந்தது.

அவளுடையது சின்ன கார். அது நூறைத் தொடுவதற்குள் ஒரு டீயைக் குடித்து முடித்துவிடலாம். அவன் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தான். அந்தப் பக்கம் உட்கார்ந்து பழக்கமில்லை. மிதிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் கால் சும்மா கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

வண்டி நகர்ந்தது.

மணி அடித்தது.

இங்கே ஓர் ஆள் இருக்கிறது, ஆள் இருக்கிறது என்று விடாமல் அடித்தது.

அவன் கை பெல்ட் வரை போயிற்று. அங்கேயே நின்றது.

இன்னும் கொஞ்ச நேரம் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டான்.