காப்பு அறாமல்

தீக்குழியின் தணல்மேல் மாலை வெயில் நடுங்குகிறது. பறை ஓயவில்லை. ஈர மஞ்சள் வேட்டியோடு நிலோஜன் இறங்கப் போகிறான். தாயின் சுகத்துக்காக அம்மனுக்கு வைத்த நேர்த்தி. குழி வாசலில் கோயில் தொண்டனாக நிற்கும் துசாந்தன் மறிக்கிறான். இருவருக்கும் இந்தத் தேர்தலில்தான் முதல் வாக்கு, கட்சி வேறு. நேற்றுச் சந்தியில் சுவரொட்டிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள்.

“கையில கட்சிப் பட்டியோட அம்மாளுக்கிட்டப் போறியா? கழட்டுடா.”

“கழட்டினா, பயந்திட்டானெண்டு ஊரெல்லாம் சொல்லுவாய்.”

“இங்கயும் எலக்சனாடா?” என்கிறார் பின்னால் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. துசாந்தன் நிலோஜனின் மணிக்கட்டைப் பற்றுகிறான். இறுகிய றப்பர் பட்டிக்கடியில், பூசகர் கட்டிய காப்புநூல் சிக்கியிருக்கிறது. இழுத்தால் நூல் அறும். காப்பு அறுந்தவன் தீயில் இறங்கக்கூடாது. விரல்கள் தயங்குகின்றன. பிறகு அவன் குனிந்து, நூலை ஒரு விரலால் அமர்த்திப் பிடித்தபடி, பட்டியை மெல்ல மெல்ல உருட்டிக் கழற்றுகிறான். நிலோஜன் கையை இழுக்கவில்லை. வேட்டியில் பையில்லை. வைக்க வேறிடமில்லாமல், துசாந்தன் அந்தப் பட்டியைத் தன் கையிலேயே மாட்டிக்கொண்டு வழிவிடுகிறான்.

“மிதிச்சிற்று வா மச்சான். தாறன்.”