தோமையார் நாற்காலி

அவன் இடது செருப்பை மட்டும் கழற்றினான்.

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். பன்னிரண்டு ஆண்கள், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பெரிய வியாழன் சாயங்காலம். ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதுபோல் சாமியார் இவர்கள் காலைக் கழுவுவார்.

வலது காலை மட்டும். அதுதான் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் எங்கள் ஊரில் உண்டு. கழுவக் கொடுக்கப்போகிற காலை வீட்டிலேயே நன்றாகக் கழுவிவிட்டுத்தான் கொண்டுவருவார்கள். நகம் வெட்டி, பித்தவெடிப்பில் எண்ணெய் தடவி, சிலர் பவுடர்கூடப் போட்டு. அழுக்குக் காலோடு போய் உட்கார எவனுக்கும் துணிச்சல் கிடையாது.

ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு சீடர் பெயர். கடைசி நாற்காலி யூதாசுக்கு. அதற்கு வருஷாவருஷம் ஆளைக் கெஞ்சித்தான் பிடிக்க வேண்டும். அதற்கு முந்தியது தோமையாருக்கு. ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்று எல்லோரும் சொன்ன பிறகும், காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அடம்பிடித்தவர்.

அதில்தான் அவன் உட்கார்ந்திருந்தான்.

அவனுடைய வலது பாதம் ரப்பர்.

விசைப்படகில் வலை இழுக்கும்போது இரும்புக் கயிறு காலில் சுற்றிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்தான் மிச்சம். அதில் ரப்பர் காலை மாட்டிப் பட்டை போட்டிருந்தான். அந்த மிச்சத்தை மனைவியைத் தவிர ஊரில் ஒருவருக்கும் காட்டியதில்லை. பெற்ற பிள்ளைகளுக்கும் காட்டியதில்லை.

எனக்கு ஏன் என்று ஆண்டவரிடம் கேட்டான். பதில் வரவில்லை. அவரோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

மனைவி பிலோமினா நிறுத்தவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள். இன்றைக்கு அவன் இங்கே உட்கார்ந்திருப்பதும் அவள் பேசிப் பேசித்தான்.

இடது காலை நீட்டினால் போதும் என்று சாமியார் நேற்றே வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தார். நல்ல மனிதர். அவனும் சரி என்றான். காலையில் மீன் விற்கப் போகுமுன் பிலோமினா அந்த இடது காலைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்தாள்.

வரிசை நகர்ந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம். துவாலை. பாதத்தில் ஒரு முத்தம். அடுத்தவர்.

அவன் மேலே பார்த்தான்.

தவக்காலத்தில் போட்ட ஊதாத் துணிக்குள், ஆண்டவர் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் இன்னும் மூடியே இருந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். ஐந்து காயம்.

ஞாயிற்றுக்கிழமை உயிர்த்துவிடுவார். சாவையே ஜெயித்துவிட்டு வருகிறவருக்கு அந்த ஓட்டைகளை மூடிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

மூடவில்லை.

அப்படியே கொண்டுவந்தார். தோமையாரைக் கூப்பிட்டு, தொட்டுப் பார் என்று காட்டினார்.

வெட்கப்படவில்லை அவர்.

சாமியார் அவன் முன்னால் மண்டியிட்டு இடது காலுக்குக் கை நீட்டினார்.

அவன் அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். வேட்டியை ஒதுக்கினான். பட்டையை அவிழ்த்தான். ரப்பர் காலைக் கழற்றி நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தான். அந்தச் சின்னச் சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது.

மிச்சக் காலை நீட்டினான்.

கறுத்த முனை, கோணல்மாணலாகத் தையல் தழும்பு. ஊரே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும் என்றிருந்தது அவனுக்கு. சொந்தப் படகை முதன்முதலாகக் கடலில் இறக்கியவன்போல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சாமியார் தண்ணீர் ஊற்றினார். துடைத்தார். தழும்பின்மேல் முத்தமிட்டு நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“சாமி,” என்றான். “நீங்க இன்னிக்குத்தான் இதக் கழுவுறீங்க. தெனமும் கழுவுறவ அங்க இருக்கா.”

சாமியார் எழுந்தார்.

யூதாஸ் காலை நீட்டித் தயாராக இருந்தார். சாமியார் அவரைப் பார்க்கவேயில்லை. செம்பையும் தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் பெண்கள் பக்கம் நடந்தார்.

பிலோமினா சந்தையிலிருந்து நேரே வந்திருந்தாள். பஸ் தாமதம். வீட்டுக்குப் போக நேரமில்லை. காலில் சந்தைச் சேறு, மீன் செதில், கடற்கரை மணல். அன்று கோயிலில் உண்மையாகவே கழுவ வேண்டியிருந்த கால் அது ஒன்றுதான்.

அவள் பதறிப்போய்க் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பீடத்துப் பக்கமிருந்து அவன் குரல் வந்தது. சத்தமாக, சிரிப்போடு.

“ஏ பிலோமி, நீட்டு.”