ஐந்தாவது கட்டளை

வெள்ளைப் பலகையில் ‘துடை’ என்று எழுதினாள்.

படித்துப் பார்த்தாள்.

துடைத்தாள்.

பேருந்து நடத்துனர்கள் கையில் இருக்கும் டிக்கெட் மெஷின்களை இந்த அறையிலிருந்தே மாற்றி அமைக்கும் மென்பொருள் அது. எந்த ஊருக்கு என்ன கட்டணம், எந்த மொழியில் அச்சாக வேண்டும், எல்லாமே இங்கே ஒரு கட்டளை அடித்தால் அங்கே மாறிவிடும். அறுநூற்று நாற்பது மெஷின்கள். ஐந்து கட்டளைகள். எழுதியவள் அவள்தான்.

ஐந்துக்கும் இன்று சாயங்காலத்துக்குள் புதுப் பெயர் வைக்க வேண்டும். யாருக்கும் குழப்பம் வராத பெயர். தமிழ்ப் பெயர்.

காரணம், போன மாதம் எட்டாம் தேதி.

அன்று காலை ஒரு தடத்தில் ஊர்ப்பெயர் தப்பாக அச்சாகிக்கொண்டிருந்தது. இருதயராஜ் அதைச் சரிசெய்யப் பார்த்தார். பதினெட்டு வருடம் டிக்கெட் மெஷின் பழுது பார்த்தவர். இப்போது இங்கே கட்டளை அடிப்பவர். முந்தைய நாள் இருந்தபடி ஆக்கிவிட்டால் போதும் என்று நினைத்து ‘ரீசெட்’ என்று அடித்தார்.

மெஷின்கள் முந்தைய நாளுக்குப் போகவில்லை.

பிறந்த நாளுக்குப் போயின.

பிறந்த ஊர் சீனா.

பாளையங்கோட்டையிலிருந்து திசையன்விளை வரை அன்று சீன மொழியில் டிக்கெட் கிழித்தார்கள். ஒரு பெரியவர் பஸ்ஸை விட்டு இறங்க மறுத்தார். இதுதான் தன் ஊர் என்று இந்தச் சீட்டில் எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டார். ஒரு கல்லூரிப் பெண் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். பரிசோதகர் ஒருவர் டிக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு சரி என்று பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்.

அலுவலகம் மூன்று வாரம் சிரித்தது.

இருதயராஜ் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகத் தொடங்கினார். தனியாக.

அவள் சிரிக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

நான்கு பெயர்களை எப்படியோ ஒரு தாளில் எழுதிவிட்டாள். ஐந்தாவதுதான் மெஷினை மொத்தமாக வெறுமையாக்கும் அந்த ‘ரீசெட்’ கட்டளை. அதற்குத்தான் ஒன்றும் அமையவில்லை.

பக்கத்து மேசை ஷாகுலுக்குப் பெயர்கள் ஊற்றாக வந்தன. ‘அழி’ என்றான். ஒரு வரியை அழிப்பதாக நினைத்துவிடுவார்கள் என்றாள். ‘நாசம்’ என்றான். ‘சோலி முடிஞ்சுது’ என்றான். கடைசியில், மெஷின் ‘சத்தியமா?’ என்று கேட்கட்டும், ‘எங்க அம்மா சத்தியமா’ என்று முழுசாக அடித்தால்தான் வேலை நடக்க வேண்டும் என்றான்.

அதை அவள் இரண்டு நிமிடம் யோசித்தது உண்மை.

மூன்று மணிக்குத் தாளை எடுத்துக்கொண்டு இருதயராஜிடம் போனாள். ஒவ்வொரு பெயரையும் படித்ததும் மனதில் முதலில் என்ன தோன்றுகிறதோ அதை மட்டும் சொல்லச் சொன்னாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பரீட்சைக்கு உட்கார்ந்தவர் மாதிரி முதுகை நிமிர்த்தினார்.

‘காட்டு’. இருப்பதைக் காட்டும் என்றார்.

‘மாற்று’. அதுவும் புரிந்தது.

‘அனுப்பு’. எங்கே, யாருக்கு, ஒரு மெஷினுக்கா எல்லாவற்றுக்குமா என்று கேட்டார். அவள் ‘எல்லாருக்கும் அனுப்பு’ என்று நீட்டி எழுதினாள்.

‘திரும்பு’.

அவர் கழுத்தைத் திருப்பி ஒருமுறை பின்னால் பார்த்தார். யார் திரும்ப வேண்டும் என்றார்.

அவள் அதன் மேல் ஒரு கோடு கிழித்தாள்.

“நான் அன்னைக்குத் தேடுனது ‘நேத்து’ மேடம்,” என்றார். “அது எங்கயும் இல்ல. இருந்ததுல அதுக்குப் பக்கத்துல வர்ற மாதிரி தோணுனத அடிச்சேன்.”

நான்காவது கட்டளைக்கு ‘நேத்து’ என்று பெயர் வைத்தாள்.

ஐந்தாவது வரி காலியாக இருந்தது. அதை அவர் நெடுநேரம் பார்த்தார். இந்தக் கட்டளை எப்போது தேவைப்படும் என்று கேட்டார். பழைய மெஷினைக் கழித்துப் போடும்போது என்றாள். அப்போது மெஷின் எங்கே இருக்கும் என்றார். இங்கேதான் இருக்கும், நம் கையில் என்றாள்.

கையில் இருந்தால் முதுகுப்பக்கம் ஒரு ஓட்டை உண்டு, குண்டூசியை விட்டு ஒரு அழுத்து அழுத்தினால் தீர்ந்தது என்றார். பதினெட்டு வருடம் அதைத்தான் செய்தாராம்.

பிறகு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இதுக்குப் பேரே வைக்காதீங்க மேடம். பேருன்னு ஒண்ணு இருந்தா எவனாவது கூப்பிடுவான்.”

அவள் தன் மேசைக்குப் போனாள். ஐந்தாவது கட்டளையைத் திறந்தாள். நாற்பத்தேழு வரிகள். ஒன்றரை மாத உழைப்பு. தேர்ந்தெடுத்தாள், அழித்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

உட்கார முடியவில்லை. மறுபடி அவரிடம் வந்தாள்.

“அண்ணாச்சி, ‘ரீசெட்’னு பேர் வச்சது நாந்தான். குழப்பும்னு ஷாகுல் அப்பவே சொன்னான். நாந்தான் கேக்கல.”

ஷாகுல் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தட்டச்சுச் சத்தம் மட்டும் நின்றது.

இருதயராஜ் கோபப்படவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கீபோர்டுக்கு அடியிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். மேலாளர் கேட்டிருந்த விளக்கக் கடிதம். நாளைக் காலை கொடுக்க வேண்டியது. முத்து முத்தான கையெழுத்து. ‘தவறுக்குப் பொறுப்பானவர்’ என்ற இடம் வரைக்கும் வந்து நின்றிருந்தது.

அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

“உங்க பேர்ல வர்றது ரெண்டு சுழி ‘ன’வா, மூணு சுழி ‘ண’வா மேடம்?”

“மூணு சுழி,” என்றாள்.