இடது ஓரம்

ஐந்தாவது வாரமும் தோல்வி உறுதியாகிவிட்டது. கால்பந்து கோச் பெர்க்மான்ஸ் இருக்கட்டுமா, போகட்டுமா என்று ஆட்டம் முடியும் முன்பே ரசிகர்கள் கோட்டுக்கு வெளியே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள்.

"செத்தவனுக்கு நாப்பத்தொண்ணாம் நாளு கழியுற வரைக்கும் அவன் எடம் காலியா கெடக்கட்டும்ணு சொல்லுகாரு. பத்துப் பேர வச்சு எப்பிடிலே ஜெயிக்க முடியும்?" என்று கத்தினான் கிளாரன்ஸ்.

கடைசியில் எல்லோரும் சூசைநாயகத்திடம் வந்தார்கள். இடது ஓரத்தில் ஆடிவந்த, கடலில் இறந்துபோன ரெக்சன் அவருடைய மகன்.

"நீங்க சொல்லுங்க மாமா. அவர மாத்திரலாமா?"

மாற்றச் சொல்லத்தான் அவரும் வந்திருந்தார். வாராவாரம் அந்த வெற்றிடத்தைப் பார்க்க அவரால் ஆகவில்லை. வாயைத் திறந்தவரின் கண் இடது ஓரத்துக்குப் போனது. பந்து மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. ஆனால் யாருமில்லாத இடது ஓரத்தில் எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒருவன் கைகளை விரித்துப் பின்னால் நகர்ந்தான், ஏமாந்தான், சட்டெனத் திரும்பித் துரத்திக்கொண்டு ஓடினான். அவனுக்கு மூச்சிரைத்தது, முழங்காலெல்லாம் மண்.

"மாமா?"

"அவரு இருக்கட்டும்" என்ற சூசைநாயகம், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, இடது ஓரத்தை நோக்கி நீட்டிப் பிடித்தார்.