மூன்று தடவை கூப்பிட்டோம்

"உங்க புகார் தீர்ந்துபோச்சும்மா," என்றார் நகராட்சி குமாஸ்தா.

தையல்காரம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படி சார் தீர்ந்துது?"

"மூணு தடவை போன் பண்ணோம், நீங்க எடுக்கலை. எடுக்கலைன்னா தீர்ந்த கணக்குதான்."

"அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவர் பந்தாவாக எழுதிக் கொடுத்தார். அவள் அதைத் தன் புகாரோடு சேர்த்து நேரே ஆணையரின் மேஜையில் வைத்தாள். படித்த ஆணையர் குமாஸ்தாவைக் கூப்பிட்டார்.

"இந்தம்மா புகாரை வாய்விட்டுப் படிங்க."

"நீங்கள் கொடுத்த காது மெஷின் பழுதாகி நாலு மாதமாகிறது. போன் மணி கேட்காது. கடிதம் போடவும்..." குமாஸ்தா பாதியிலேயே நிறுத்தி, தான் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

சாயங்காலமே புது மெஷினோடு அவள் வீட்டு வாசலில் நின்றார்.

அதைக் காதில் மாட்டிக்கொண்டவள் சிரித்தாள். "இப்பப் பண்ணுங்க சார் போன். முதல் மணியிலேயே எடுக்கறேன்!"